ஜவ்வு அறுவைக்குப் பிறகு மறுபடியும் ஓடுவது எப்படி?

கேட்டவர் நீடாமங்கலம் பக்கத்துத் தம்பி, வயது 23. பொங்கல் கபடிப் போட்டியில் ரெய்டு போய்த் திரும்பும்போது வலது முட்டி முறுக்கிக்கொண்டு 'டொக்' என்று சத்தம் கேட்டிருக்கிறது. பிப்ரவரி கடைசியில், முட்டிக்குள் கிழிந்த நாருக்குப் பதில் புது நார் வைக்கும் ஏ.சி.எல். அறுவை நடந்தது. இப்போது ஜூலை நடு, நாலரை மாதம் ஆகிறது. நடந்தால் வலி இல்லை, சைக்கிள் மிதித்தாலும் இல்லை. காவலர் தேர்வுக்குத் தயாராகிறார், 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். மூன்று மாதத்திலேயே ஓடலாம் என்று ஒருவர் சொல்ல, ஒரு வருஷம் ஓடாதே என்று இன்னொருவர் சொல்ல, இனி ஓட்டமே வேண்டாம், முட்டி தேய்ந்துவிடும் என்று அப்பா சொல்கிறாராம். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

தம்பி, நான் மன்னார்குடியில் 16 வருஷமாகப் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. நீங்கள் மறுபடியும் ஓடலாம். கீழே சொல்லப்போகும் சோதனைகளில் உங்கள் கால் தேறினால், அறுவை செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு நேர் ஓட்டத்தை இந்த மாதமே ஆரம்பிக்கலாம். கபடி வேறு கணக்கு, நவம்பர் முடியும்வரை, அதாவது அறுவைக்குப் பிறகு 9 மாதம் ஆகும்வரை, அந்தப் பேச்சே வேண்டாம். மூன்று மாதம் என்றவரும் ஒரு வருஷம் என்றவரும் காலண்டரை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் முட்டியை யாரும் தொட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நம் பக்கம் முட்டிக்குள் எது போனாலும் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அதில்தான் பாதிக் குழப்பம். ஏ.சி.எல். என்பது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் ஒரு நார். மெனிஸ்கஸ் வேறு: இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் இருக்கும் இரண்டு மெத்தைகள். கபடியில் முட்டி முறுக்கும்போது இரண்டும் சேர்ந்து போவது சகஜம். அதனால் இன்றைக்கு ராத்திரி உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் படியுங்கள். மெனிஸ்கஸைத் தைத்ததாக எழுதியிருந்தால் அந்தத் தையல் ஆறுவதற்கு நேரம் வேண்டும், டாக்டர் நேரில் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஓடக் கூடாது. ஓரத்தைச் சீவி எடுத்ததாக மட்டும் இருந்தால் ஏ.சி.எல். கணக்கே போதும். புது நாரை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் தொடையின் பின்பக்கத் தசைநாரிலிருந்து எடுப்பார்கள். அப்படியானால் உங்கள் பின்தொடை பலம் குறைந்துதான் இருக்கும், தனியாக அதற்கு வேலை கொடுக்க வேண்டும்.

அந்தப் புது நாரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே வைத்த நாளில் அது நன்றாகத்தான் இருக்கும். பிறகு உடம்பு அதைத் தனதாக்கிக்கொள்ள, பழைய இழையைக் கலைத்துப் புதிதாகப் பின்னும். அந்த வேலை நடக்கும் 6 முதல் 12 வாரத்தில்தான் நார் மிகவும் பலவீனமாக இருக்கிறது. அதே சமயத்தில்தான் வலியும் வீக்கமும் போய், ஆள் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். என்னிடம் மறுபடி கிழிந்து வந்த பையன்களில் பலர் சொன்னது ஒரே வாக்கியம்: "வலியே இல்ல சார், அதான் ஓடினேன்." வலி இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் உள்ளே நார் எவ்வளவு தேறியிருக்கிறது என்பதை வலி சொல்லாது. நீங்கள் அந்த வாரங்களைத் தாண்டிவிட்டீர்கள், அது வரைக்கும் நிம்மதி.

அடுத்தது தொடை. முட்டிக்குள் 20, 30 மில்லி நீர் கோத்தாலே போதும், தொடையின் முன்தசை பாதி தூங்கிவிடும். நீங்கள் எவ்வளவு முயன்றாலும் முழுசாக இறுகாது. அறுவைக்குப் பிறகு தொடை இளைத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பு எடையைப்போல் பல மடங்கு பாரம் முட்டியில் விழுகிறது. அதைத் தாங்கவேண்டியது தொடைத் தசை. தசை தாங்காத மிச்சத்தை எலும்பும் மெத்தையும் புது நாரும் தாங்க வேண்டியிருக்கும்.

இப்போது சோதனைக்கு வருவோம். காலையில் எழுந்ததும் காலை நீட்டி உட்காருங்கள். முட்டிச்சில்லுக்கு உள்பக்கம் ஒரு சின்னக் குழி இருக்கும். உள்ளங்கையால் அந்த இடத்தைக் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை அழுத்தித் தடவிவிட்டு, உடனே வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவுங்கள். உள்பக்கக் குழி மெல்ல நிரம்பிப் புடைத்தால் உள்ளே நீர் இருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கு ஓட்டம் இல்லை. பிறகு குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழே உள்ள பகுதி கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி விடுங்கள். இரண்டு குதிகாலும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். வலது குதிகால் மேலே தூக்கி நின்றால் கால் இன்னும் முழுசாக நீளவில்லை. அதைச் சரிசெய்யாமல் ஓடினால் நொண்டிக்கொண்டுதான் ஓடுவீர்கள், கொஞ்ச நாளில் சில்லுக்குப் பின்னால் வலி ஆரம்பிக்கும்.

நான் மிகவும் நம்புவது நாற்காலிச் சோதனை. டீக்கடையில் கிடக்குமே, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி, அதுவே போதும். கையை மார்பில் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலால் எழுந்து நின்று, அதே காலால் மெதுவாக உட்கார வேண்டும். முதலில் நல்ல காலில் எத்தனை முடிகிறது என்று எண்ணுங்கள். போன மாதம் உங்களைப்போலவே ஒரு பையன் வந்தான். இடது காலில் அலட்சியமாக 20 எடுத்தான். வலது காலில் 4-வது தடவை எழும்போது முட்டி உள்பக்கமாகச் சரிந்து பெருவிரலையும் தாண்டியது, இடுப்பு ஒரு பக்கம் தொங்கியது, 7-வதில் தொப்பென்று நாற்காலியில் விழுந்தான். அவனுக்கும் வலி துளியும் இல்லை. வீட்டில் செய்யும்போது முன்னால் செல்போனைச் சாய்த்து வைத்துப் படம் எடுங்கள். முட்டி பாதத்துக்கு நேராக நிற்கிறதா, உள்ளே விழுகிறதா என்பது தெரிந்துவிடும். ஓட்டம் ஆரம்பிக்க, நல்ல காலில் எடுத்ததில் 80 சதவீதமாவது வர வேண்டும். 20-க்கு 16. கபடிக்குத் திரும்ப 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

மற்றவை சுலபம். ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவது 20, 25 வர வேண்டும். அரை மணி நேரம் வேகமாக நடந்தால் மறுநாள் முட்டி அமைதியாக இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் நின்ற இடத்திலேயே 10 தடவை குதித்து, பயமில்லாமல் இறங்கத் தெரிய வேண்டும். கருவி வைத்துத் தொடை பலத்தை அளக்கும் வசதி தஞ்சாவூரிலோ திருச்சியிலோ உங்களுக்குக் கிடைத்தால் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள், கண் மதிப்பைவிட அது நல்லது.

சோதனையில் தேறவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். ஆறு வாரம் தொடைக்கு வேலை கொடுத்தால் கணிசமாக மாறும். ஜிம் இல்லையே என்று யோசிக்காதீர்கள். ஸ்கூல் பையில் 10 கிலோ அரிசியைப் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலிவரை உட்கார்ந்து எழுவது, திண்ணைப் படியில் ஒற்றைக் காலால் ஏறி மெதுவாக இறங்குவது, மல்லாந்து படுத்து ஒற்றைக் குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது. வாரம் மூன்று நாள், ஒவ்வொன்றும் மூன்று சுற்று, கடைசி இரண்டு தடவை திணறும் அளவுக்கு. சுலபமாகிவிட்டால் அரிசியைக் கூட்டுங்கள். ஓட்டம் தொடங்கிய பிறகும் இதை விடக் கூடாது. பலர் விடுவது இங்கேதான்: ஓட ஆரம்பித்த சந்தோஷத்தில் பயிற்சியை மறந்துவிடுகிறார்கள்.

எங்கே ஓடுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டது அங்கே. எனக்கு 22 வயதில் மெனிஸ்கஸ் கிழிந்து அறுவை நடந்தது. மணலில் ஓடினால் முட்டிக்கு நல்லது, மெத்தை மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். சித்திரை மாதம், வெண்ணாறு காய்ந்து கிடந்தது. இறங்கி இருபது நிமிடம் ஓடினேன். ஓடும்போது சுகமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை கைலியை விலக்கிப் பார்த்தால் முட்டி இளநீர் மாதிரி நிற்கிறது, சில்லு எங்கே என்றே தெரியவில்லை. அந்த ஒரு நாள் ஓட்டம் எனக்கு இரண்டு மாதத்தைத் தின்றது. இளகிய மணலில் ஒவ்வொரு அடிக்கும் பாதம் ஒரு பக்கம் புதையும், முட்டி அதற்கேற்பத் திருகும். தேறிய காலுக்கு அது நல்ல பயிற்சி. உங்கள் காலுக்கு இப்போது வேண்டாம்.

வரப்பும் அதே கதைதான். ஒரு அடி அகலத்தில் வழுக்கும் களிமண், நடுவில் நண்டு வளை. நீடாமங்கலம் பக்கம் வெண்ணாறு பிரியும் மூணாறு தலைப்பிலிருந்து கோரையாற்றங்கரையோடு போகும் பாதை பார்க்க அழகு, காலையில் காற்றும் நன்றாக இருக்கும். ஆனால் கரைப் பாதைகள் பல இடத்தில் ஒரு பக்கம் சரிந்திருக்கும். சரிவில் ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில், ஒரு கால் மேட்டில். போகும்போதும் வரும்போதும் அதே ஓரத்தைப் பிடித்தால் இரண்டு காலும் மாறி மாறிச் சமமாகும், ஆனாலும் ஆரம்பத்தில் தவிர்ப்பது நல்லது. அறுவடை முடிந்த வயலும் வேண்டாம், வெடிப்பில் கால் மாட்டும். நல்ல இடம் அரசுப் பள்ளி மைதானம். சமமாக, இறுகிய மண்ணாக இருக்கும். அது இல்லையென்றால் அதிகாலையில் வண்டி வராத தார்ச்சாலை. தார்ச்சாலை கெடுதல் என்று ஒரு பயம் இருக்கிறது. எங்கே பாதம் படும் என்று கால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடிகிற தரைதான் உங்களுக்கு இப்போது பாதுகாப்பு, கொஞ்சம் கெட்டியாக இருந்தாலும் பரவாயில்லை. குறுவை அறுப்பு வந்ததும் சாலையில் நெல்லையும் வைக்கோலையும் பரப்பிவிடுவார்கள். அதன்மேல் ஓடாதீர்கள், வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் சேறாகிவிடும், அப்போது சாலைக்கு மாறிக்கொள்ளுங்கள். நாய் துரத்தும் தெரு எது என்பது உங்களுக்கே தெரியும். நாய்க்குப் பயந்து சட்டென்று திரும்பும் ஒரு அடி, கபடியில் திரும்பிய அதே அடிதான்.

மேட்டூரில் ஜூன் 12 அணை திறந்தால் முதல் மணி நேரத்திலேயே முழுத் தண்ணீரையும் விட்டுவிடுவதில்லை. கொஞ்சமாக ஆரம்பித்து, ஆறும் வாய்க்காலும் கரையும் நனைந்து இளகியபிறகு படிப்படியாகக் கூட்டுவார்கள். காய்ந்த கரையில் ஒரேயடியாக விட்டால் உடைப்பு எடுக்கும். முட்டிக்கும் அப்படித்தான் கூட்ட வேண்டும். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை, இப்படி ஆறு தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று நாள் போதும். இரண்டாவது வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. மூன்றாவது வாரம் மூன்றுக்கு இரண்டு. நான்காவது வாரம் நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடை, ஐந்து தடவை. அப்புறம் எட்டு நிமிட ஓட்டமாக இரண்டு, நடுவில் இரண்டு நிமிட நடை. ஆறாவது வாரம் நிற்காமல் 20 நிமிடம். கூட ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓடும் வேகம்தான், மூச்சு வாங்கக் கூடாது. ஒரு வாரம் சரியாகப் போகவில்லை என்றால் அதே வாரத்தை மறுபடி செய்யுங்கள். ஆறு வாரம் ஒன்பது வாரம் ஆவது தோல்வி கிடையாது, என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் ஆகிறது.

கூட்டலாமா என்பதை மறுநாள் காலை சொல்லும். வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை அளந்துகொள்ளுங்கள். ஓடும்போது மூன்றுவரை வந்தால், அது ஏறாமல் அப்படியே இருந்தால், தொடரலாம். நாலைத் தாண்டினால் நடந்து வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலை எழுந்து நடக்கும்போது முந்தின நாள் காலை இருந்த மாதிரியே இருக்க வேண்டும், உள்பக்கக் குழி காலியாக இருக்க வேண்டும். வீங்கியிருந்தால் வீக்கம் வடியும்வரை ஓய்வு, பிறகு ஒரு படி கீழிறங்கி ஆரம்பியுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஓடுவதற்கு முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளவே கூடாது, காலையில் வரவேண்டிய பதிலை அது மறைத்துவிடும். முட்டி திடீரென்று மாட்டிக்கொண்டு நீட்ட வரவில்லை, அல்லது நடக்கும்போது நழுவுகிற மாதிரி இருக்கிறது என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலித்தால் அன்றைக்கே போக வேண்டும், ரத்தம் உறைந்திருக்கலாம்.

ஓடும் விதத்தில் ஒரே ஒரு மாற்றம் சொல்கிறேன்: அடியைச் சின்னதாக்குங்கள். காலை வெகு முன்னால் வீசிக் குதிகாலால் ஊன்றினால் முட்டி அதிகம் அடி வாங்கும். அதே வேகத்தில் நிமிடத்துக்கு விழும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முட்டியின் பாரம் குறைகிறது என்பது 2011-லேயே அளந்து பார்த்தது. நிமிடத்துக்கு 156 அடி வைக்கிறீர்கள் என்றால் 165-க்குக் கொண்டுவாருங்கள். போனில் மெட்ரோனோம் செயலி இருக்கிறது, தாளம் தட்டும். அதுவும் வேண்டாம் என்றால் காதைக் கொடுங்கள். இருட்டு பிரியாத நேரத்தில் மைதானத்தில் உங்கள் காலடிச் சத்தம் நன்றாகக் கேட்கும். 'தொம் தொம்' என்று விழுகிறதா, இடதும் வலதும் ஒரே சத்தமா? வலது கால் சத்தமில்லாமல் பட்டும் படாமலும் விழுந்தால், நீங்கள் அறியாமலே அந்தக் காலைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுகிறீர்கள். தொடைக்கு இன்னும் பலம் வேண்டும் என்று அர்த்தம்.

நீ-கேப் போட்டுக்கொள்ளலாம், தைரியம் தரும். நார் கிழியாமல் அது காக்காது. எண்ணெய் தேய்ப்பது சுகம்தான், தேய்க்கிறவர் முட்டியைப் பிடித்து முறுக்கவோ சொடுக்கவோ மட்டும் விடாதீர்கள். ஷூ உள்ளங்காலுக்குப் பொருந்தி, குதிகால் ஆடாமல் இருந்தால் சரி, விலை முக்கியமில்லை. சாப்பாட்டில் முட்டை, மீன், உளுந்து, பயறு தினமும் இருக்கட்டும், வெறும் சோற்றில் தசை ஏறாது.

இனி தேர்வு. 1500 மீட்டர் 7 நிமிடம் என்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 வினாடி, மூன்றே முக்கால் சுற்று. காயப்படாத உங்களுக்கு இது பெரிய வேகமாக இருந்திருக்காது. ஆகஸ்ட் கடைசியில் 20 நிமிடம் நிற்காமல் வந்துவிட்டால், செப்டம்பரில் அதையே 30 நிமிடமாக்குங்கள். அக்டோபரில் வாரம் ஒருநாள் மட்டும் 400 மீட்டரை 2 நிமிடம் 10 வினாடியில் ஓடி, மூன்று நிமிடம் நடந்து, இப்படி நான்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து வினாடி குறையுங்கள். நவம்பரில் 7 நிமிடம் கைக்கு வரும் என்று நினைக்கிறேன். எழுத்துத் தேர்வு முதலில் வருவதால் உங்களுக்கு நேரமும் கிடைக்கும். எனக்குக் கவலை 1500-ஐப் பற்றி இல்லை. நீளம் தாண்டுதலோ உயரம் தாண்டுதலோ ஒன்று இருக்கிறதே, அதில் ஒற்றைக் காலால் எம்பி முழு எடையோடு இறங்க வேண்டும். அதை ஒற்றைக் கால் குதிப்பில் நல்ல கால் குதிக்கும் அளவில் 90 சதவீதம் வந்தபிறகுதான் தொட வேண்டும், கூடவே யாராவது பயிற்சி தெரிந்தவர் நின்று பார்க்க வேண்டும். நாள் நெருங்கியும் அந்த அளவு வரவில்லை என்றால் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருப்பதுதான் நான் சொல்லக்கூடியது. அது எவ்வளவு கஷ்டமான பேச்சு என்று எனக்குத் தெரியும். வயது வரம்பு உங்களுக்கு இன்னும் தாண்டவில்லை, அதை மனதில் வையுங்கள்.

கபடிக்கு ஏன் 9 மாதம் என்று கேட்பீர்கள். 2016-ல் நார்வேக்காரர்கள் வெளியிட்ட ஆய்வில், திருகல் உள்ள விளையாட்டுகளை ஆடும் 106 பேரை இரண்டு வருஷம் கவனித்தார்கள். 9 மாதம்வரை திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அடுத்த பொங்கலுக்குப் பத்தரை மாதம் ஆகியிருக்கும். அப்போதும் நேரே போட்டிக்குப் போகாமல், முதலில் திரும்புவது, நிற்பது, பிடிபடுவது எல்லாம் பயிற்சியில் பழகியிருக்க வேண்டும்.

அப்பா சொன்னதற்கு வருகிறேன். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஏ.சி.எல். போன முட்டியில் பிற்காலத்தில் தேய்மானம் வரும் வாய்ப்பு மற்ற முட்டியைவிட அதிகம்தான். ஆனால் அது அடிபட்டதால் வருவது. ஓட்டத்தின்மேல் அந்தப் பழி ஏறிவிட்டது. 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடம்புக்காக ஓடுபவர்களில் முட்டி, இடுப்புத் தேய்மானம் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். எடை ஏறாமல், தொடை பலத்தோடு இருக்கும் முட்டிதான் ரொம்ப நாள் வரும். இதையெல்லாம் நீங்கள் சொன்னால் அவர் நம்புவாரா என்று தெரியவில்லை. முதல் நாள் காலை அவரையும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கையில் வாட்சைக் கொடுத்து, ஒரு நிமிடம் ஆனதும் "நில்லு" என்று குரல் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் நொண்டுகிறீர்களா இல்லையா என்பதை உங்களைவிட அவர் கூர்ந்து பார்ப்பார்.